கேமராவுக்கு ஞானம்மாள் வைத்த பொட்டு

ஞானம்மாளுக்குப் பொட்டு வைக்கும் பழக்கம் இல்லை. முடிச்சூரில் மூன்று தலைமுறையாகத் தேவாலயத்துக்குப் போகும் குடும்பம். கல்யாணத்தன்றுகூட நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் தன் நாற்பதாவது வயதில் ஒரே ஒரு முறை பொட்டு வைத்தார். தனக்கல்ல, சுவரில் மாட்டியிருந்த ஒரு கேமராவுக்கு.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு அது. முடிச்சூர் சாலையின் இரண்டு பக்கமும் நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்றது போக மிஞ்சிய ஓர் ஏக்கரில் லோகநாதன் தகரக் கூரை போட்டு, ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றை நடத்தினார். நூற்று நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய அப்பாக்களும் பாட்டன்களும் அதே நிலத்தில் லோகநாதனின் அப்பாவுக்கு நாற்று நட்டவர்கள். நிலத்தின் மேல் கூரை வந்ததும் காலம் மாறிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். கூரை வந்தது உண்மைதான்.

ஞானம்மாள் அங்கே செக்கிங் மேசையில் வேலை செய்தார். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, காலர் கோணலா என்று பார்ப்பார். பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். ஒரு நாளைக்கு இருநூறு சட்டைக்கு மேல். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுதும் அமெரிக்காவுக்குப் போனதில்லை என்று மேனேஜரே சொல்வார்.

அந்தக் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சட்டையைப் பார்க்கும், தைத்தவளைப் பார்க்காது. மற்ற செக்கர்கள், “இது யாரு தச்சது?” என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். ஞானம்மாள் எழுந்து போய், தைத்தவளின் மெஷின் மேல் சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார். அம்பு எங்கே இருக்கிறது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பார்க்க வேண்டியது எது, பார்க்கக் கூடாதது எது என்று ஞானம்மாளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. எட்டாவது வரைதான் படிப்பு.

அந்த ஆண்டு ஆடி மாதம் கம்பெனியில் நான்கு கேமராக்கள் மாட்டினார்கள். வெட்டிய துணி காணாமல் போவதாக ஒரு பேச்சு இருந்தது. வாசலில் ஒன்று, துணி வெட்டும் இடத்தில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று. மூன்றையும் மேனேஜர் சம்பத் எல்லோருக்கும் காட்டி, “இனிமே முதலாளி வெளியூர்ல இருந்தாலும் இங்க இருக்கற மாதிரிதான்” என்று சொன்னார். நான்காவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது பெண்கள் அறையில் இருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கட்டி வரும் புடவையில் பஞ்சு ஒட்டும் என்று, வந்ததும் அங்கேதான் பழைய புடவைக்கு மாறுவார்கள். மதியம் சாப்பிடுவதும் அங்கேதான். கக்கூசுக் கதவின் தாழ்ப்பாள் எட்டு மாதமாக உடைந்து கிடந்ததால், மாதவிலக்குத் துணி மாற்றுவதும் அங்கேதான். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள், மார்பு கட்டிக்கொண்டால் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாலைப் பீய்ச்சுவார்கள். நூற்று நாற்பது பேருக்கு அந்தக் கட்டடத்தில் ‘நம்முடையது’ என்று சொல்ல இருந்தது அந்த நான்கு சுவர்தான்.

அந்தக் கேமரா மற்ற மூன்றைப் போல இல்லை. சின்னப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. மாட்டிய எலக்ட்ரீசியனிடம் இது என்ன என்று கேட்டதற்கு, “நெருப்பு வந்தா கத்தும்” என்றான். நம்பினார்கள். தையல்காரி சாமுண்டீஸ்வரி நம்பியதோடு நிற்கவில்லை. கண்ணாடியில் பஞ்சு படிந்தால் பெட்டிக்குப் புகை தெரியாது என்று, வாரம் ஒரு முறை ஸ்டூல் போட்டு ஏறி முந்தானையால் துடைத்தும் வைத்தார். நூற்று நாற்பது பேரின் உயிருக்குக் காவல் என்று நினைத்து ஒரு பெண் துடைத்த கண்ணாடி அது.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை மதியம், மகளின் பள்ளிக்கூட விஷயமாக மறுநாள் அரை நாள் பர்மிஷன் கேட்டு ஞானம்மாள் சம்பத்தின் அறைக்குப் போனார். சம்பத் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நூல் சப்ளை செய்கிற ஆள் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் டி.வி. அதில் படம் மாறி மாறி வந்தது. வாசலில் நிற்கும் சைக்கிள்கள். ஐந்து எண்ணுவதற்குள் வெட்டும் மேசை. பிறகு பேக்கிங். பிறகு ஓர் அறையின் மூலை. அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் தனம்.

தனத்துக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து மாதக் குழந்தை இரும்புலியூரில் மாமியாரிடம் இருந்தது.

படம் மாறியது. சைக்கிள். நூல்காரர் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் போய், மேசை போய், பேக்கிங் போய், அந்த மூலை மறுபடி எப்போது வரும் என்று அவர் காத்திருப்பது ஞானம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மூலை வந்தது. ஞானம்மாளின் கை யோசிக்கவில்லை. விரல் நுனியில் இருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரை டி.வி. கண்ணாடியில் ஒட்டிவிட்டது. பழுது இங்கே என்று காட்டுவதுதானே அந்தக் கையின் வேலை.

“இன்னா சார் இது?”

சம்பத் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “கேமரா ஞானம்மா. புடவைக்குள்ளதானே பீஸை ஒளிச்சு எடுத்துட்டுப் போறாங்க? அதான் அங்க ஒண்ணு.”

“பொம்பளைங்க துணி மாத்தற ரூம்பு சார்.”

“நாங்க என்ன அதையா பாக்கறோம்? எங்களுக்கு வேற வேலை இல்ல? தப்பு பண்ணாதவங்க எதுக்குப் பயப்படணும்?”

“குளிக்கறதுகூட தப்பில்ல சார். அதுக்குனு ரோட்ல நின்னுகினா குளிக்கறோம்?”

நூல்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். சம்பத் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். எடுக்கும்போது அவருக்குப் பின்னால் இருந்த பூட்டிய கண்ணாடி அலமாரி ஞானம்மாளின் கண்ணில் பட்டது. வி.சி.ஆர். பக்கத்தில் ஐந்து கேசட்டுகள். முதுகில் ஒட்டிய தாளில் திங்கள், செவ்வாய் என்று சனி வரை எழுதியிருந்தது. புதன் மட்டும் இடத்தில் இல்லை. அது மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம் என்று கேட்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய அறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கும், சன்னலில் திரை இருக்கும், மேசை இழுப்பறைக்குப் பூட்டு இருக்கும். சம்பத்தின் அறையில் மூன்றும் இருந்தன. எட்டு மாதமாகக் கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கித் தராத கம்பெனிக்குக் கேமரா வாங்க எட்டு நாள்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் அறையில் ஞானம்மாள் விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அய்யே, அத்த நானே தொடச்சு வுட்டேனேம்மே! நல்லா தெரியட்டும்னு என் கையாலயே தொடச்சேனே!”

தனம் அழவில்லை. “கேசட்டு இருக்குதா அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“கீது.”

“அவருக்குத் தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுருவாரு. மாமியார் வூட்ல ஒரு நாள்கூட இருக்க முடியாது. எனக்கு அது வேணும்க்கா. கேமரா இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். அந்தக் கேசட்டு அழிஞ்சாதான் எனக்குச் சோறு எறங்கும்.”

“வா, ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுக்கலாம்” என்றாள் ஒருத்தி.

“போய் இன்னா சொல்வ?” என்றார் சாமுண்டீஸ்வரி. “கேசட்ட கொண்டா, நாங்களும் ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்றோம்னுவாங்கோ.”

மறுநாளிலிருந்து தனம் பீய்ச்சுவதை நிறுத்தினாள். மூன்றாம் நாள் மார்பு கல்லாகிக் காய்ச்சலில் விழுந்தாள். அறையில் இருவர் புடவையை விரித்துப் பிடிக்க, ஒருவர் பின்னால் நின்று துணி மாற்றுவது என்று ஆயிற்று. நூற்று நாற்பது பேரும் அப்படி மாறி முடிக்கச் சாப்பாட்டு மணி போதவில்லை. பாதிப் பேர் சாப்பிடாமலேயே மெஷினுக்குத் திரும்பினார்கள்.

சனிக்கிழமை லோகநாதன் வந்தார். ஞானம்மாள் நேராகப் போய் அவர் கார் பக்கத்தில் நின்றார்.

“சார், எங்க ரூம்புல இருக்கற கேமராவை எடுத்துருங்க. கேசட்டை எங்க முன்னாடியே அழிச்சுருங்க.”

லோகநாதனுக்கு இது புது அனுபவம். நாற்று நட்டவர்களின் வீட்டிலிருந்து யாரும் தன் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டு அவர் பார்த்ததில்லை. “கம்பெனி என்னுது. சுவரு என்னுது. எங்க ஆணி அடிக்கணும்னு உன்னக் கேக்கணுமா?”

“சுவரு உங்களுதுதான் சார். நாங்க உங்களுது இல்லயே.”

“இன்னா ஞானம்மா, வாய் ரொம்ப நீளுது? மேல ஒருத்தன் எல்லாரையும் பாத்துகினுதான் கீறான். நீ கோயிலுக்குப் போறவதானே? அவங்கிட்டயும் போய்ச் சண்டை போடுவியா?”

“அவரு கேசட்ல புடிக்கலியே சார். நூல்காரருக்குப் போட்டும் காட்டலியே.”

டிரைவர் திரும்பி நின்று சிரித்தார். லோகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இஷ்டம் இருந்தா வேலை செய். இல்லாட்டி கேட்டு தொறந்துதான் கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேலே ஒருவன் பார்க்கிறான் என்று சொல்லியே இந்த நாட்டில் ஏழையை ஆயிரம் வருடம் குனிய வைத்திருந்தார்கள். அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்து, ஆளுக்கொரு பக்கம் நிமிரத் தொடங்கிய காலத்தில் முதலாளி அதே கண்ணைக் கடையில் விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். வித்தியாசம் ஒன்றுதான். இந்தக் கண்ணுக்குப் பின்னால் நிஜமாகவே ஆள் இருந்தார், டீ குடித்துக்கொண்டு.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கம்பெனியில் அது பெரிய நாள். மெஷின்களைக் கழுவித் துடைத்து, ஒன்று விடாமல் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்க வேண்டும். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, தராசு, ஜெனரேட்டர், லோகநாதனின் கார் எல்லாவற்றுக்கும் பொட்டு. கூடத்தின் நடுவே சாமி படத்தை வைத்து, அதற்கு முன்னால் அடுக்க வேண்டியவற்றை அடுக்கிவிட்டால், மறுநாள் காலையில் மறுபூஜை செய்யும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது, வைத்த பொட்டையும் அழிக்கக் கூடாது. போன வருடம் ஒரு பட்டன் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விட்டதால்தான் ஓர் ஆர்டர் திரும்பி வந்தது என்று லோகநாதன் உறுதியாக நம்பினார். தைத்த பட்டன் கழன்றதால் திரும்பிய ஆர்டர் அது. கண்டுபிடித்து அம்பு ஒட்டியவரே ஞானம்மாள்தான், ஆனால் ‘அவசரம், அனுப்பு’ என்று அனுப்பியவர் சம்பத்.

அதனால் இந்த வருடம் சம்பத் மைக்கில் இரண்டு முறை சொன்னார். “முதலாளி உத்தரவு. கரன்ட்ல ஓடற மெஷின் ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது. ஒண்ணுக்குப் பொட்டு விட்டுப்போனாலும் கம்பெனிக்கு ஆகாது.”

கிறிஸ்தவப் பெண்களுக்கு அன்றைக்கு வழக்கமாகப் பொரி, கடலை பொட்டலம் கட்டுகிற வேலை. ஞானம்மாள் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கேட்டார்.

“உனுக்கு எதுக்குக்கா?”

“மெஷின் ஒண்ணு பாக்கி கீது.”

சாமுண்டீஸ்வரிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போய் அறையில் போட்டார். எந்த ஸ்டூலில் ஏறித் துடைத்தாரோ அதே ஸ்டூல். ஞானம்மாள் ஏறினார். ஐந்து விரலாலும் சந்தனத்தை அள்ளி, கேமராவின் கண்ணாடியில் அடை மாதிரி அப்பினார். நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். கோணலாக இருந்ததோ என்னவோ, தலையைச் சாய்த்துப் பார்த்து ஒரு முறை சரி செய்தார்.

பூசாரி மணியடித்துக்கொண்டு கற்பூரத் தட்டோடு ஒவ்வோர் இடமாக வந்தார். லோகநாதன் பட்டு வேட்டியோடு பின்னால் வந்தார். சம்பத்தின் அறையில் டி.வி.க்கும் பொட்டு வைத்திருந்தது. கற்பூரம் காட்டினார்கள். வாசல் தெரிந்தது. வெட்டும் மேசை தெரிந்தது. பேக்கிங் தெரிந்தது. பிறகு ஒரே இருட்டு. மறுபடி வாசல், மேசை, பேக்கிங், இருட்டு.

லோகநாதன் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமலேயே கூடத்துக்கு வந்தார். “எவ பண்ண வேலை இது?”

கூடத்தில் எல்லோரும் கையில் பொரியோடு நின்றிருந்தார்கள். ஞானம்மாள் முன்னால் வந்தார். அவர் விரல்களில் சந்தனம் காய்ந்திருந்தது.

“நான்தான் சார்.”

“நீயா? நீ பொட்டே வைக்காதவ!”

“ஆமா சார். ஒரு மெஷின் பாக்கி இருந்தாக்கூட கம்பெனிக்கு ஆகாதுனு மேனேஜர் ரெண்டு வாட்டி சொன்னாரு. பாக்கி இருந்துச்சு, வச்சேன்.”

“அழி அத்த!”

ஞானம்மாள் அசையவில்லை. லோகநாதன் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார். “நீ போய் அழி.”

“பூஜைல வச்ச பொட்ட வெச்ச அன்னிக்கேவா? வேணாம் சார், என் தாலி நல்லா இருக்கணும். வேற யாரையாவது சொல்லுங்கோ.” சாமுண்டீஸ்வரிக்குத் தாலியைப் பற்றி எப்போதும் அவ்வளவு கவலை இருந்ததில்லை. புருஷன் விட்டுப் போய் ஆறு வருடம். அது எல்லோருக்கும் தெரியும். பின்னால் யாரோ பொரியை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

லோகநாதன் சம்பத்தைப் போகச் சொன்னார். சம்பத் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, மறுபூஜை நாளைக் காலை ஏழரைக்கு மேல்தான் என்றார். லோகநாதன் தானே இரண்டடி எடுத்து வைத்தார். திரும்பி வந்த ஆர்டர் நினைவு வந்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். தன்னுடைய நம்பிக்கையே தன் காலைக் கட்டிப் போடுவதை ஒரு மனிதர் அனுபவிப்பதை நூற்று நாற்பது பேர் பொரி தின்றுகொண்டே பார்த்தார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் கண்காணிப்பு முழுக்க அவர்கள் கையில் இருந்தது.

அப்போதுதான் ஞானம்மாளின் கண் சாமி படத்துக்கு முன்னால் போயிற்று. கணக்கு நோட்டுகள், கத்தரிக்கோல்கள், அவற்றின் பக்கத்தில் ஆறு கேசட்டுகள். சம்பத்தே பக்தியோடு கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். கேமரா வாங்கிய முதல் வருடம், அதுவும் தொழில் சாமான்தானே என்று நினைத்திருப்பார். பூட்டிய அலமாரியில் இருந்தவை இப்போது எல்லோரும் எட்டும் தூரத்தில் தரையில் கிடந்தன.

ஒரு புதன்கிழமைப் படத்தின் மேல்தான் அடுத்த புதன்கிழமைப் படம் பதிவாகும். ஆனால் போன புதன்கிழமை நாள் முழுக்கக் கரன்ட் இல்லை, ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும்தான் ஓடியது. பழையது அப்படியே இருக்கிறது என்பது ஞானம்மாளுக்குத் தெரியும். போய் எடுத்தார்.

“ஏய், பூஜைல வச்சத எடுக்காத!” என்று சம்பத் கத்தினார்.

“உங்க சாமி இத்தப் பாத்து இன்னா சார் பண்ணப் போவுது?”

கேசட்டைத் தனத்திடம் நீட்டினார். தனத்துக்கு இன்னும் காய்ச்சல் முழுதாக விட்டிருக்கவில்லை. வாங்கினாள். மூடியைத் திறக்கத் தெரியாமல் கத்தரிக்கோலால் நெம்பினாள். கறுப்பு நாடா வெளியே வந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முழம் முழமாக இழுத்துக் காலடியில் போட்டாள். கை ஓய்ந்தபோது பக்கத்தில் நின்றவள் இழுத்தாள். அதற்குள் மற்ற ஐந்தும் ஐந்து கைகளுக்குப் போய்விட்டன. பொரியும் பூவும் சிந்திக் கிடந்த தரையில் கறுப்பு நாடா குவிந்தது. தனம் கத்தரிக்கோலை எடுத்துக் கீழே உட்கார்ந்து, தன் குவியலைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

“திருட்டுக் கேஸ் போடுவேன்” என்றார் லோகநாதன். “உன்ன உள்ள தள்ளாம வுடமாட்டேன்.”

“போடுங்க சார்” என்றார் ஞானம்மாள். “ஆறு கேசட்டு போச்சுனு எழுதிக் குடுங்க. அதுல இன்னா இருந்துச்சுனு அவங்க கேப்பாங்க. அதயும் உங்க கையாலயே எழுதிக் குடுங்க. நாங்க நூத்தி நாப்பது பேரும் சாட்சிக்கு வர்றோம்.”

கேஸ் வரவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு மேல், மறுபூஜை முடிந்த பிறகு, எலக்ட்ரீசியன் வந்து பொட்டோடு கேமராவைக் கழற்றிக்கொண்டு போனான். சுவரில் நான்கு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. சாமுண்டீஸ்வரி அவற்றில் சாந்து அடைத்தார். ஒரு வாரத்தில் கக்கூசுக்குத் தாழ்ப்பாளும் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. பயம் எல்லாத் திசையிலும் வேலை செய்யும்.

ஞானம்மாளை அவர்கள் விடவில்லை. தை மாதம் ஒரு பெட்டியில் பழுதான சட்டைகள் போய்விட்டன என்று காரணம் காட்டி நிறுத்தினார்கள். அந்தப் பெட்டி அவர் மேசைக்கு வந்ததே இல்லை. வீட்டில் கணவர் வேதசிரோமணி, “கொஞ்சம் கம்முனு இருந்திருக்கலாமே” என்றார். “இருந்திருந்தா தனம் கதி?” என்று கேட்டார் ஞானம்மாள்.

முதலில் போன கம்பெனியில், பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லும்படி எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞானம்மாள் கேமரா, பொட்டு, கேசட் எல்லாவற்றையும் சொன்னார். வேலை கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்திலும் அதையே சொன்னார், கிடைக்கவில்லை. மூன்றாவது இடம் திருமுடிவாக்கத்தில். அங்கே பூர்த்தி செய்ய ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். புருஷன் என்ன சம்பாதிக்கிறார், எந்தச் சங்கத்திலாவது இருந்ததுண்டா, கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. ஞானம்மாள் பெயர், வயது, விலாசம் மூன்றையும் எழுதிவிட்டு, மிச்சத்தின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

“என்னம்மா, பாதிதான் எழுதியிருக்க?”

“வேலைக்கு இது போதும் சார். சட்டையக் குடுங்க, பாத்துக் காட்டறேன்.”

ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். அக்குளுக்கு அடியில் மூன்று தையல் விட்டிருந்ததை ஒரே பார்வையில் காட்டினார். சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பெண்கள் அறைக்குள் நுழைந்ததும் அவர் புடவையில் கை வைக்கவில்லை. நடுவில் நின்று நான்கு மூலைகளையும் அண்ணாந்து பார்த்தார். ஸ்விட்சு பெட்டியைத் திறந்து பார்த்தார். டியூப் லைட் பட்டைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அங்கிருந்த பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னாக்கா தேடறீங்க?”

“சொம்மா. யாராவது கீறாங்களான்னு.”

மேல் மூலையில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. ஞானம்மாள் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “அது பாத்தா பாக்கட்டும், யாருக்கும் போட்டுக் காட்டாது” என்று சொல்லிவிட்டு, புடவைப் பையைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பெண்களை அருகில் கூப்பிட்டு, ஒரு பெட்டி, அதில் ஒரு கண்ணாடி, ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு என்று சொல்லத் தொடங்கினார்.